பழந்துணி என்று எழுதியிருந்த பெட்டி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணி,

அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "அது அப்பாவோட கோட்டு, அண்ணி."

இதை எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருக்கிறேன். போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரலைக் கேட்டிருந்தால் சாப்பிட்டீர்களா, அங்கே குளிர் எப்படி என்று பேச்சைத் திருப்பியிருப்பேன். உங்கள் அக்கா வீட்டுக்கு எழுதினால் எல்லோரும் யார் எழுதியது என்று கேட்பார்கள். அதனால்தான் நீங்கள் வேலை செய்யும் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் அதை எங்கே நின்று பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

இந்தக் குளிரில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். வீட்டுக்காரர் கேட்கவில்லை. லாரி வந்தபோது அதன் முன்கண்ணாடியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆட்களுக்கு டீ போடுவதற்காக நான் மட்டும் சமையலறையில் இருந்தேன். எல்லாம் போய், ஒரு கெட்டிலும் நான்கு தம்ளரும்தான் மிச்சம். கதவு வழியாக நடைபாதை தெரிந்தது. அங்கேதான் அந்தப் பெட்டியின் அடி ஈரத்தில் பிய்ந்தது. மேலே அம்மாவின் கையெழுத்தில் 'பழந்துணி, தரை துடைக்க' என்று இருந்தது. உள்ளேயிருந்து கோட்டு விழுந்தது.

அதை எடுத்துக் கொடுத்தவர், மற்ற ஆட்கள் ஊதுபத்தி என்று கூப்பிட்டுக் கேலி செய்துகொண்டிருந்த அந்த ஒல்லி மனிதர். அரைக்கைச் சட்டைக்கு மேல் ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார். நீங்கள் கோட்டைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினீர்கள்.

"இது வேண்டாததுதானே?"

கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரே சத்தம், அவசரம். நான் சரியாகக் கவனிக்கவில்லை. நான் நிமிர்வதற்குள் அவர் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்துவிட்டார்.

மத்தியானம் புது வீட்டில் அம்மா அந்தப் பெட்டியைத் தேடினாள்; நீங்கள் கோட்டைக் கொடுத்ததை லாரி ஆட்களில் ஒருவர் சொன்னார், வாங்கியவர் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார். பிறகு லாரி ஆட்கள், மாடிவீட்டுக்காரர், அண்ணன் எல்லோரும் இருக்க உங்களைப் பார்த்துச் சொன்னாள்: "செத்தவரோட கோட்டைக்கூட வீட்டுல விட்டு வைக்க மாட்டியா நீ?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கெட்டிலைப் பார்த்தேன். மறுநாள் காலை உங்கள் பையும் இல்லை, நீங்களும் இல்லை.

என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஜனவரி 17

பூனைக்கு,

உன் கடிதத்தை முதலாளி கொண்டுவந்து கொடுத்தார். "என்னம்மா, காதல் கடிதமா?" என்றார். "நாத்தனார் கடிதம் சார்" என்றேன். "அய்யய்யோ" என்று உள்ளே போய்விட்டார்.

சத்தமில்லாமல் வந்து நிற்பதால் நான் உனக்கு வைத்த பூனை என்ற பெயரை இன்னும் மாற்றவில்லை, பார். எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். கண்ணைச் சோதிக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்தை வாசிக்கச் சொல்ல வேண்டும். கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டால் பாதிப் பேர் தெரியாமலே தலையாட்டுவார்கள். சிலருக்கு வெட்கம். சிலருக்குச் சீக்கிரம் எழுந்து போனால் போதும். நாள் முழுக்க அந்தத் தலையாட்டலைப் பார்க்கிறவள் நான்.

நீ கவனிக்காமல் நிற்கவில்லை. கோட்டைப் பார்த்தாய், பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்துத் தலையாட்டினாய். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கொதிக்கிற தண்ணீர் மேல் பழி போடாதே. அது பாவம், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தை அத்தனை பேர் முன்னால் கேட்டபோது, "உங்க பொண்ணைக் கேளுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்கவும் இல்லை.

உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். "எல்லாம் சரியாயிடும்" என்றார். உன் அண்ணனுக்கு வீட்டில் நடப்பது எல்லாமே வானிலை மாதிரி. தானாக மூடும், தானாக வெளுக்கும்.

மன்னிப்பு இருக்கட்டும். ஏன் தலையாட்டினாய்? அதை எழுது. முடியாதென்றால் விடு, ஸ்டாம்பாவது மிச்சமாகும்.

அண்ணி

*

ஜனவரி 26

அன்புள்ள அண்ணி,

தலையாட்டினேன். இரண்டு தடவை.

காரணத்தை எழுத வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் வந்த நாளிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருமுறை வீடு மாறினோம். 'நல்ல பாத்திரங்கள்' என்று அம்மா அழகாக எழுதி ஒட்டிய பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. அன்றிலிருந்து அம்மா உள்ளே இருப்பதைப் பெட்டிமேல் எழுதுவதே இல்லை. எவ்வளவு நல்ல பொருளோ அவ்வளவு மோசமான பெயர். வெள்ளிக் கிண்ணங்கள் 'உடைந்த சுவிட்சு'. பட்டுப் புடவைகள் 'சாக்கு'. 'கண்ணாடி, ஜாக்கிரதை' என்று எழுதியதில் அடிபிடித்த பழைய சட்டிகள் இருக்கும்; ஆட்கள் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போவார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நாளாக ஆக அது சமையலறைக்கும் வந்துவிட்டது. அலமாரியின் மேல்தட்டில் 'எலி மருந்து' என்று ஒரு டப்பா இருக்கிறதே, அதில் கற்கண்டு. ஒருநாள் அப்பா அதிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டதைப் பார்த்து அடுத்த வீட்டு மாமி அலறியே விட்டார்.

உங்கள் கல்யாணம் ஆன வாரம் நான் கேட்டேன், "அண்ணிகிட்டச் சொல்லிடலாமாம்மா?" என்று. "இப்ப வேணாம். கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் அம்மா. கொஞ்ச நாள் போனது. வருஷங்களும் போயின. அப்பாவும் போய்விட்டார். லாரி ஆட்களிடமிருந்து மறைத்ததை நாங்கள் உங்களிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சர்க்கரை தேடும்போதெல்லாம் வேறு பெயர் எழுதிய டப்பாவிலிருந்து நான் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. இதை எழுதும்போது காது சுடுகிறது.

நீங்கள் "வேண்டாததுதானே" என்று கேட்டபோது, 'இல்லை' என்று சொன்னால் அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "அப்புறம் ஏன் பழந்துணின்னு எழுதியிருக்கு?" அதற்குப் பதில் சொன்னால் இத்தனை வருஷம் மறைத்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கோட்டை விட்டுவிடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. நான் படித்த கதைகளில் வாயைத் திறக்காதவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதை நம்பி என்னையும் அந்த வரிசையில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே மூன்றாவது மாடி. ஜன்னல் ஒன்று சரியாகச் சாத்துவதில்லை, ராத்திரியெல்லாம் விசில் அடிக்கிறது. பாதிப் பெட்டிகள் பிரிக்கவே இல்லை. அம்மா அந்தக் கோட்டின் உள்கம்பளியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொத்தான் போட்டு உள்ளே மாட்டுவார்களே, அது. துவைத்துக் காய வைத்திருந்ததால் வேறு பெட்டியில் போயிருக்கிறது. "போய் அந்தக் கோட்டை வாங்கிட்டு வா" என்று தினமும் சொன்னாள். கடைசியில் போனேன்.

லாரி நிற்கும் கொட்டகையில் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். "என்னம்மா, சாமான் ஏதாச்சும் குறையுதா?" என்றார்.

"இல்ல, எல்லாம் வந்துருச்சு. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் சும்மா யாரும்மா வருவா? குப்பைமேடுதான் இருக்கு." பிறகு அவரே சொன்னார். "உங்க அண்ணியும் அன்னிக்கு விடியக்காலம் சும்மாதான் வந்தாங்க. கையில பையோட. தோள்பட்டை சரியா இருக்கான்னு கேட்டாங்க, டீ வாங்கிக் குடுத்தாங்க, போயிட்டாங்க."

நானும் கேட்காமல் வந்துவிட்டேன். அம்மாவிடம், ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொன்னேன். ஒன்றை மறைக்க இன்னொன்று.

நீங்கள் எதற்காக அங்கே போனீர்கள், அண்ணி?

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 2

பூனைக்கு,

உங்கள் வீட்டு எலி மருந்தை ஐந்து வருஷமாகத் தின்று உயிரோடு இருக்கிறேன்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே எனக்கு இருமல். வீட்டில் யாரும் இல்லை. எலியும் இல்லாத வீட்டில் இவ்வளவு பெரிய மருந்து டப்பா எதற்கு என்று திறந்து பார்த்தேன். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உடைந்த சுவிட்சு, சாக்கு, எல்லாம். முதலில் சிரிப்பு வந்தது. நீ முந்திக்கொண்டு சர்க்கரை எடுத்துக் கொடுப்பாயே, அப்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். யாராவது ஒருநாள் சொல்வீர்கள் என்று இருந்தேன். மாமா போன பிறகு, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

இனி சொல்லப் போவதை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியாதா? என்னைப் பெண் கேட்டு வந்த அன்று மாமா அதைத்தான் போட்டிருந்தார். உள்ளே வந்தும் கழற்றவில்லை, சட்டை கசங்கியிருக்கிறது என்று என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். பெட்டி பிய்ந்து அது கீழே விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்துதான் உன்னைக் கேட்டேன். நீ "ஐயோ, அது அப்பாவோடது" என்று ஓடிவந்தால், நான் அந்த வீட்டு ஆள். தலையாட்டினால் நானும் லாரி ஆட்களும் ஒன்று. இதுதான் என் மனசில் ஓடியது. கடையில் எழுத்தைக் காட்டிக் கேட்கிற மாதிரியே கேட்டேன். நீ தலையாட்டினாய்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்திருக்கலாம். கொடுத்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு அது இரக்கம். அந்த மனிதரும் கும்பிட்டுத்தான் வாங்கினார். எனக்கு வந்ததோ கோபம், வெறும் கோபம். அவர் குளிரில் நடுங்கியது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் அத்தை கத்தியபோது உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உன் மேல் இருந்த பாசத்தால் என்று நினைத்துவிடாதே. வாயைத் திறந்தால் என் பங்கும் வெளியே வரும்.

கொட்டகைக்குத் திரும்பக் கேட்கத்தான் போனேன். அவர் அந்தக் கோட்டோடு ரொம்ப நேராக நின்றார். அப்புறம் எப்படிக் கேட்பது?

அண்ணி

*

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணி,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் பங்கை மட்டும். உங்களுடையது உங்களுடையது.

வெள்ளிக் கிண்ணங்களைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். "அம்மா, அண்ணி என்னைக் கேட்டுட்டுத்தான் கொடுத்தாங்க" என்றேன்.

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. "கேட்டாளா?"

"வேண்டாததுதானேன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன்."

"அது கோட்டுன்னு தெரியாம ஆட்டினியா?"

"தெரிஞ்சுதான். இல்லன்னா பழந்துணின்னு ஏன் எழுதினோம்னு சொல்ல வேண்டி வரும்னு. அந்த ஆளும் வேலையை விட்டுப் போகலம்மா. அதுவும் பொய்."

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அப்புறம், "அவளுக்குத்தான் தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எழுதறது ஒண்ணு, இருக்கறது ஒண்ணுன்னு. கற்கண்டு யாரு எடுக்கறா? நீ இருமவே மாட்டே. உங்கண்ணனுக்கு மேல்தட்டுல என்ன இருக்குன்னே தெரியாது. குளிர்காலம் வந்தா டப்பா காலியாயிடும். நான்தான் ரொப்பி ரொப்பி வப்பேன்."

"அப்ப ஏம்மா சொல்லல அவங்ககிட்ட?"

"என்னன்னு சொல்றது? உன்னைத் திருடின்னு நெனச்சேன், இப்ப நெனைக்கலன்னா?"

அதற்குமேல் நான் கேட்டேன், பிறகு ஏன் அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசினாய் என்று. முகத்தைத் திருப்பி, சாத்தாத அந்த ஜன்னலைப் போய் அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் உள்கம்பளியைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்தக் கொட்டகை எங்க இருக்கு, காட்டு" என்றாள்.

அம்மாவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களைக் கேட்கவே விடவில்லை. "இது சும்மா குடுக்கற கோட்டு இல்லன்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சும்மா. தொவைச்சுத் தரலாம்னு பாத்தேன்" என்று கழற்றி நீட்டினார். அரைக்கைச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவரை இப்போது மானேஜர் என்று கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. "மானேஜரே, வேலை போச்சா?" என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

அம்மா ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கோட்டை மடியில் விரித்தாள். உள்கம்பளியை எடுத்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். குளிரில் விரல் மரத்துப்போய் நடுவில் நிறுத்தி வாயால் ஊதிக்கொண்டாள். நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"இது இல்லாம காத்து உள்ள வருமே. இத்தனை நாள் எப்படிப் போட்டே?" என்றாள் அவரிடம்.

"வெளிய பாத்தா தெரியாதும்மா."

அவரிடமே கொடுத்துவிட்டாள். வரும் வழியில் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதாக நான் எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

நீங்கள் திரும்பி வருவீர்களா, அண்ணி? கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 17

பூனைக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சோதனை அறையில் விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒருவர் "கண்ணு டெஸ்ட் பண்றவங்களுக்கே கண்ணு வலியா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

டப்பாவை அத்தை ரொப்பினார் என்பது எனக்குத் தெரியாது. நீதான் ரொப்புகிறாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்காகவே உன்னிடம் கொஞ்சம் பிரியமாக இருந்தேன். இப்போது அந்தக் கணக்கையும் மாற்றி எழுத வேண்டும்.

திரும்பி வருவேனா என்று கேட்டாய். அந்த வீட்டுக்கு வரமாட்டேன். உன் அண்ணனும் நானும் இந்தக் கடைத் தெருவிலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இரண்டு அறை. ஜன்னல் சாத்துகிறது, பார்த்துவிட்டேன். மாசக் கடைசியில் சாமான் ஏற்ற வேண்டும். மறுபடியும் குளிரில்தான், நம் குடும்பத்துக்கு வேறு மாதமே கிடையாது போல.

அத்தை மேல் கோபத்தில் போகவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் நாம் மூன்று பேரும் மறுபடியும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவோம்.

நான் தெரிந்தேதான் கொடுத்தேன் என்பதை அத்தையிடம் நீ சொல்லாதே. அதை நான் சொல்ல வேண்டும். அவர் என் மேல் போட்ட பழியில் முக்கால்வாசி நிஜம். அதைச் சொல்லாமல் நல்லவளாகத் தனிக்குடித்தனம் போனால் எனக்குத் தூக்கம் வராது.

சாமான் ஏற்ற வா. கெட்டில் பக்கம் மட்டும் போகாதே.

அண்ணி

*

மார்ச் 1

அன்புள்ள அண்ணி,

நேற்று நீங்களும் அம்மாவும் உங்கள் புதுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டபோது நான் படியில் உங்கள் தையல் மிஷினோடு நின்றிருந்தேன். அண்ணன் மேலே கை கொடுக்க வேண்டியவன், கதவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். கை வலித்தது, ஆனாலும் கீழே வைக்கவில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்கமாட்டேன்.

வெளியே வந்தபோது அம்மாவின் முகம் சிவந்திருந்தது. உங்களுடையதும். அம்மா உங்களிடம் "அந்த அலமாரியை ஓதம் ஏறற சுவத்துல வைக்காதே" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள்.

உங்கள் பெட்டிகளின் மேல் நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'தலையணை' என்றதில் தலையணை, 'புத்தகம்' என்றதில் புத்தகம். தூக்கிக்கொண்டு படி ஏறும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், குளிரில் எல்லோர் முகமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

இன்று காலை மேல்தட்டில் எலி மருந்து டப்பாவைக் காணவில்லை. அம்மாவைக் கேட்டால் தெரியாது என்கிறாள். உங்கள் சாமானோடு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 6

பூனைக்கு,

நான் சொன்னதை அத்தை கேட்டுக்கொண்டார். அவர் என்னிடம் கேட்காத மன்னிப்பை நானும் வற்புறுத்தி வாங்கவில்லை.

டப்பா இங்கேதான் இருக்கிறது. 'பழந்துணி' என்று எழுதிய பையில் வந்தது. நிறைய இருக்கிறது.

அண்ணி